பரிசைச் சொல்வது எப்போது தகும்?

(வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்காகப் படாளத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படாளம் கூட்டுரோட்டிலிருந்து மேற்கே திரும்பி, வேடந்தாங்கலையும் தாண்டிப் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 வாக்கில் வெட்டிவைத்த இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். குடத்துக்குள் ஓலை விழுந்த பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இன்று வேண்டியது அதற்கு முந்தைய படி: யார் பெயரை ஓலையில் எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்று அந்தச் சபை போட்டுவைத்த விதி. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதத்தில் பயிற்சி வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு விலக்கும் தருகிறது சபை. அரைக்கால் வேலிதான் நிலம் என்றாலும், ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் கற்றுப் பிறருக்கு விளக்கிச் சொல்ல வல்லவர் என்றால் அவர் பெயரையும் எழுதலாம். படிப்புக்கு அந்தச் சபை பாதி நிலத்தின் மதிப்பைக் கொடுத்திருக்கிறது. ஆனால் 'பெரும் புலவர்', 'கல்வியில் சிறந்தவர்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டு யாரும் உள்ளே வர முடியாது. எத்தனை நூல், எந்த நூல், சொல்லித்தரத் தெரியுமா என்பதெல்லாம் கல்லிலேயே இருக்கிறது. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் எவ்வளவு படித்திருந்தாலும் வெளியேதான். அது பிராமணர் சபை. பெண்களுக்கும் பிற சாதியாருக்கும் அதில் இடமில்லை என்பதை மறைத்துவிட்டு அதைக் கொண்டாடுவது நேர்மையாகாது. தகுதியை அளக்க அந்தச் சபை கையாண்ட முறையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் இன்று செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ ஒரு டி.டி.பி. கடையில் அச்சாகி வரும் ரெஸ்யூமில் இந்த முறைதான் இல்லை. கடைக்காரரிடம் ஆயத்தமாக ஒரு படிவம் இருக்கும். அதில் 'சாதனைகள்' என்று ஒரு தலைப்பு இருக்கும். தலைப்பு இருப்பதால் அதை நிரப்ப வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் பரிசு. பிளஸ் டூவில் பள்ளி முதலிடம். கல்லூரியில் நடந்த பயிலரங்கில் பங்கேற்றதற்கான சான்றிதழ். ஏதோ ஒரு இணையவழி வினாடி வினாவில் 80 சதவீதம். ஓர் அறக்கட்டளை கொடுத்த 'இளம் சாதனையாளர்' விருது. கடைசியாக, ஆறாவது வரியில், பி.எஸ்சி. வேதியியலில் பல்கலைக்கழக அளவில் நான்காம் இடம். இது நான் கற்பனையாகச் செய்து காட்டும் பட்டியல்தான். ஆனால் இதே சாயலில் ஒரு பட்டியலை உங்களில் பலர் கையில் வைத்திருப்பீர்கள். இதில் ஒரு வரி தங்கம். மற்ற ஐந்தும் அதை மூடி மறைக்கின்றன. படிப்பவர் முதல் வரியைப் பார்த்ததும் கண்ணை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவார்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கல்விச் சிறப்பு என்பது உங்களைப் பற்றி இன்னொருவர் சொன்ன சாட்சி. சாட்சி சொன்னவர் யார், எந்தக் களத்தில் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று காட்ட முடிந்தால், அதுவும் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அவர் தேடும் ஏதோ ஒன்றைச் சொல்லுமானால், அதற்குத் தன்விவரக் குறிப்பில் இடம் உண்டு. இல்லையென்றால் அதற்குரிய இடம் வீட்டுச் சுவர்.

முதலில் ஒரு தயக்கத்தைப் பார்ப்போம். நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள் என்றால், இன்னொரு பகுதியினர் எதையுமே எழுதுவதில்லை. தன்னைத் தானே புகழ்வது தவறு என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், வாங்கிய தங்கப் பதக்கத்தைக்கூட எழுதக் கூச்சப்படுகிறார்கள். இந்தக் கூச்சத்துக்கு நம் இலக்கணத்திலேயே பதில் இருக்கிறது. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், எவ்வளவு பெரிய நூலைச் செய்து முடித்தவனும் தற்புகழ்ச்சி செய்வது தகுதியன்று என்று முதலில் அடித்துச் சொல்லிவிடுகிறது. அடுத்தாற்போலவே நான்கு இடங்களைப் பிரித்துக் காட்டி, அங்கெல்லாம் தன்னைப் புகழ்வது தகும் என்கிறது. அரசனுடைய அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது; தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருக்கும்போது; அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது; எதிரி தன்னைப் பழித்தபோது. முதல் இரண்டையும் கவனியுங்கள். முகம் தெரியாத ஒரு அலுவலகத்துக்கு, உங்களை அறியாத ஒருவருக்கு அனுப்பும் காகிதம் இந்த இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. ஆகவே சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். கூச்சப்பட்டு மறைத்தால் நட்டம் உங்களுக்கு மட்டுமல்ல, தகுதியான ஆளைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த அலுவலகத்துக்கும்தான்.

நன்னூல் அதோடு நிற்கவில்லை. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதத் தகுந்தவர் யார் என்றும் வரையறுக்கிறது: ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர். வழியில் போகிறவர் புகழ்ந்தால் அது பாயிரமாகாது. அந்தப் பாயிரத்தில் நூலாசிரியரின் பெயர், நூலின் பெயர், நுவலும் பொருள், கேட்போர், பயன் என்று இருக்க வேண்டியவற்றைச் சொல்லி, காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பவரும் உண்டு என்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்தவர் பனம்பாரனார். நூல் எந்தப் பாண்டியனின் அவையில் அரங்கேறியது, அதைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசான் யார் என்றெல்லாம் அவர் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். நடுவர் பெயரைச் சொல்லாத பாராட்டை நம் முன்னோர் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்றே எனக்குப் படுகிறது. நாம்தான் கண்ணாடிச் சட்டம் போட்ட எதையும் விருது என்று நம்புகிறவர்களாகிவிட்டோம்.

இதை ஒரு மனிதரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, 1904இல், கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு வாங்கியவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆங்கிலத்தில் தேறாததால் அதுவும் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெற முடியவில்லை. 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு அவர் எழுதிய விண்ணப்பம் இன்றும் இருக்கிறது. சில வரிகள்தான். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில சங்கடங்களால் தொடர முடியவில்லை, முழு நேரமும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவ்வளவே. பள்ளிப் பரிசும் இல்லை, இழந்த உதவித்தொகையைப் பற்றிய பேச்சும் இல்லை. அதோடு சென்றது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரை. அந்த ஆங்கிலேயர் செய்த காரியம் நுட்பமானது. இவருக்குக் கணிதத்தில் அசாதாரணத் திறமை என்று சொல்லிவிட்டு, கணக்குப் போடுவதில் இயல்பான ஆற்றல் உண்டு, எண்களைக் கையாள்வதில் வேகமானவர் என்றும் சேர்த்தார். துறைமுகக் கழகத்துக்கு எண்கணிதக் கோட்பாடு எதற்கு? கணக்குப் பிரிவில் கூட்டிக் கழிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மேதைமையை அந்த நாற்காலிக்குத் தக்கபடி அவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். மார்ச் முதல் தேதியிலிருந்து மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் வேலையில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே மனிதர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். இங்கே படிப்பவர் வேறு, ஆகவே சொல்வதும் வேறு. ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். இங்குள்ள கணித அறிஞர்கள் தம் முடிவுகளைக் கண்டு வியந்தார்கள் என்று ஒரே ஒரு சாட்சி. பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஹார்டிக்கு முன்னால் கும்பகோணத்துப் பரிசுக்கு எந்த மதிப்பும் இல்லை, தேற்றமே சான்றிதழ். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரி ஃபெலோ என்றெல்லாம் சிறப்புகள் வந்து சேர்ந்தன. அவற்றால் ஹார்டிக்குப் புதிதாக எதுவும் தெரியவரப் போவதில்லை. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, கணிதம் புரியாத நிர்வாகிகளுக்கு, அவைதான் எல்லாம் சொல்லின. வேலையை நேரில் பார்த்து மதிப்பிடத் தெரிந்தவருக்கு விருது தேவைப்படாது. மதிப்பிட முடியாத தொலைவில் இருப்பவருக்குத்தான் அது பயன்படும். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் தலைவராக இருந்த வை. கணபதி ஸ்தபதிக்கு 2009இல் பத்மபூஷண் கிடைத்தது. கன்னியாகுமரியில் அவர் வடிவமைத்த 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை திறந்தது 2000ஆம் ஆண்டு முதல் நாள். கோயில் கட்ட அவரைத் தேடிப் போகிறவர் இந்த இரண்டில் எதைப் பார்த்துப் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

'ராமானுஜனை உதாரணம் காட்டுவது எளிது, எங்களிடம் தேற்றம் இல்லையே' என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மில் பெரும்பாலோரிடம் காட்டுவதற்குத் தேற்றமோ சிலையோ இல்லை. அதனால்தான் சாட்சிகளை நம்புகிறோம். அப்படியானால் சாட்சியின் தரத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

சாட்சி யார் என்பதிலிருந்து தொடங்கலாம். 2023 பிப்ரவரியில், சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கை ஒரு தனியார் அமைப்பு வாடகைக்கு எடுத்துத் திரைத்துறையினருக்கும் வேறு பலருக்கும் கௌரவ டாக்டர் பட்டம் என்ற பெயரில் ஏதோ ஒன்றை வழங்கியது. தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் சொல்லிப் போலீசில் புகார் கொடுத்தது. வாங்கியவர்களில் பலருக்கு உண்மை தெரியாது. அரங்கின் பெயர் பட்டத்துக்கு மரியாதை சேர்த்துவிட்டது. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நாடாளுமன்றம் அதிகாரம் அளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம் என்கிறது. மீறினால் சட்டம் விதிக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. பிரேம் போட்ட ஒரு விருதை அச்சடித்துக் கொடுக்கவே அதைவிடக் கூடுதலாக ஆகும். சட்டம் பயமுறுத்தாத இடத்தில் படிப்பவரின் சந்தேகம்தான் காவல். உண்மையான கௌரவப் பட்டத்துக்கும் அதற்கான இடம் உண்டு. உ.வே. சாமிநாதையருக்கு 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கௌரவ டி.லிட். பட்டமும் கிடைத்தன. கல்லூரியில் படித்துப் பட்டம் பெறாத அவர் 1880இலேயே கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகிவிட்டார். அதற்கு உதவியவை, அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரின் பரிந்துரையும் சாமிநாதையரின் புலமையும். அத்தகைய பட்டத்தைச் சிறப்புகளின் கீழ் எழுதலாம். கல்வித்தகுதி என்ற தலைப்பின் கீழ், படித்து வாங்கிய பட்டங்களோடு வரிசையில் நிறுத்தினால் அது பொய்யாகிவிடும்.

அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் உறுப்பை இங்கே நினைவுபடுத்தலாம். பிரிட்டிஷார் கொடுத்த ராவ் பகதூர், திவான் பகதூர் வகைப் பட்டங்களை ஒழித்த அந்த உறுப்பு, படைத்துறைச் சிறப்பையும் கல்விச் சிறப்பையும் மட்டும் விலக்கி வைத்தது. பத்ம விருதுகள் அப்படிப்பட்ட பட்டங்கள்தானா என்று வழக்கு வந்தபோது, 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அவை பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பாரத ரத்னாவையே பெயரோடு ஒட்டிக்கொள்ள முடியாத நாட்டில், ஊர் மன்றம் கொடுத்த 'கல்விச் செம்மல்' பெயருக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கிறோம். விண்ணப்பத்திலாவது அதை இறக்கி வைக்கலாம்.

ஆசிரியப் பணிக்குப் போக நினைப்பவர்கள் ஒரு அட்டவணையைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறையில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று 100 மதிப்பெண்ணுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இளநிலைப் பட்டத்துக்கு அதிகபட்சம் 15, முதுநிலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30, ஆய்வுக் கட்டுரைகளுக்கு 10, கற்பித்த அனுபவத்துக்கு 10, நெட் தேர்வோடு ஜே.ஆர்.எஃப். இருந்தால் 7. விருதுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3. அந்த மூன்றும் சர்வதேச அமைப்பு அல்லது மத்திய அரசு, அல்லது அதன் ஏற்புப் பெற்ற தேசிய அமைப்பு கொடுத்திருந்தால்தான். மாநில அரசு கொடுத்தது என்றால் இரண்டு. சங்கங்களும் அறக்கட்டளைகளும் கொடுத்தவற்றுக்கு அங்கே எண்ணே இல்லை. எல்லா அட்டவணைகளையும் போல இதிலும் குறைகள் உண்டு. ஆனால் பணியமர்த்துகிறவர்கள் விருதை எந்த எடைக்கல்லில் வைக்கிறார்கள் என்று இதைவிட வெளிப்படையாகக் காட்டும் காகிதம் வேறு இல்லை. இரண்டு பக்கம் நிறைய விருதுகளை அடுக்குகிறவர் மூன்று மதிப்பெண்ணுக்காக அவற்றை அடுக்குகிறார்.

அடுத்தது களம், அதாவது எத்தனை பேரில் நீங்கள் வென்றீர்கள். 2017 மே மாதம் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. லட்சக்கணக்கானவர் எழுதும் தேர்வில் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தை வைத்து முதல், இரண்டு, மூன்று என்று பிரிப்பது மாணவரை வருத்துவதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. மாநிலமே கைவிட்ட வரிசையை, 30 பேர் படித்த ஒரு வகுப்பில் 'பள்ளி முதலிடம்' என்று எழுதித் தக்கவைத்துக்கொள்வது விண்ணப்பத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. மதிப்பெண் ஏற்கெனவே கல்விப் பகுதியில் இருக்கிறது. பல்கலைக்கழக நான்காம் இடத்தின் கதை வேறு. பல கல்லூரிகளிலிருந்து பலர் எழுதிய ஒரே வினாத்தாளில் கிடைத்த இடம் அது. தன்னாட்சிக் கல்லூரியின் முதலிடம் என்றால், அந்தக் கல்லூரியின் அந்தத் துறைக்குள் மட்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆகவே அந்த வரியை இப்படி எழுதலாம்: துறை, பல்கலைக்கழகம், ஆண்டு, இடம், தேர்வு எழுதியவர் எண்ணிக்கை. 'கோல்டு மெடலிஸ்ட்' என்ற ஒற்றைச் சொல்லைவிட அந்த எண்ணிக்கை கூடுதல் நம்பிக்கை தரும்.

மூன்றாவது, படிப்பவர் தேடும் பொருள். பரனூர் மகேந்திரா சிட்டியில் மென்பொருள் நிறுவனத்துக்கும், ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலைக்கும், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்புவது நம்மிடையே சாதாரணம். அதே வேதியியல் நான்காம் இடம் கல்பாக்கத்து ஆய்வகத்துக்கான விண்ணப்பத்தில் முதல் வரிக்குப் போக வேண்டும். மனிதவள அதிகாரி ஆளெடுக்கும் விற்பனைப் பிரிவு வேலைக்கு, மாநில அளவில் நடுவர் குழு முன் வென்ற பேச்சுப் போட்டி அதைவிட முன்னால் நிற்கலாம். ஓட்டப்பந்தயப் பரிசு காவல்துறை, ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் உயிர்நாடி, அதுவும் அவர்கள் ஏற்கும் மட்டத்தில் வென்றிருந்தால். எட்டாம் வகுப்பு ஆண்டு விழாப் பரிசு எங்கேயும் வேண்டியதில்லை. பயிலரங்கப் பங்கேற்புச் சான்றிதழ் சிறப்பே அல்ல. நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கான வருகைப் பதிவு அது. அங்கே ஏதாவது கற்றிருந்தால், கற்றதைத் திறன்கள் பகுதியில் எழுதுங்கள்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 'பெரிய கல்லூரியில் படித்தவனுக்குக் கல்லூரியின் பெயரே போதும். எங்களைப் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் இருப்பதே இந்தச் சின்னச் சின்னப் பரிசுகள்தான். அவற்றையும் எடுத்துவிட்டால் எங்கள் பக்கம் வெறுமையாகிவிடும்' என்பது. இதில் பாதி உண்மை. படாளத்துக்காரர்களுக்கு இதை விளக்க நம் சர்க்கரை ஆலையே போதும். கரும்புக்கு மத்திய அரசு அறிவிக்கும் விலை இப்போது 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது பிழிந்த கரும்பில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கை, அடிப்படையாகக் கொண்டது. அந்தக் கட்டுமானம் உங்கள் வயலின் கரும்பைத் தனியாகப் பிழிந்து பார்த்துச் சொல்வதில்லை, ஆலையின் சராசரி. நல்ல கரும்பு விளைவித்தவருக்கும் சராசரிதான். ஆளெடுப்பவர் கல்லூரிப் பெயரைப் பார்ப்பது இப்படித்தான். கல்லூரியின் சராசரியை வைத்து உங்களை மதிப்பிட்டுவிடுகிறார். அந்தச் சராசரியிலிருந்து உங்களைப் பிரித்துக் காட்டக் கூடியது கல்லூரிக்கு வெளியே, பொதுக் களத்தில், உங்களை அறியாத நடுவர் கொடுத்த சாட்சிதான். ஆகவே பெயர் தெரியாத கல்லூரியில் படித்தவருக்குச் சிறப்புகள் ஐ.ஐ.டி.க்காரரைவிட அதிகம் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே அவர் பட்டியல் இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்கிறேன். ஐந்து சின்னப் பரிசுகளைப் பார்த்ததும் படிப்பவர் கல்லூரிச் சராசரிக்கே திரும்பிவிடுவார். ஒரு பொதுக்களச் சாட்சியைத் தனியாகப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்.

அப்படிப்பட்ட சாட்சி நம் பிள்ளைகளிடம் இல்லாமலும் இல்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதுவது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பலர் இதை ஏழைப் பிள்ளைகளுக்கான உதவி என்று நினைத்து எழுதுவதில்லை. எழுதலாம், எழுத வேண்டும். தேர்வு எழுதி வென்றது அது. பட்டம் வாங்கி ஓரிரண்டு ஆண்டுகள் வரை அதற்கு மதிப்புண்டு, அதற்குப் பிறகு வேலை பேச வேண்டும். இதற்கு மாறாக, முதல் பட்டதாரிச் சான்றிதழ் சிறப்பு ஆகாது. கட்டணச் சலுகைக்கும், அதைக் கேட்கும் உதவித்தொகைக்கும் அது வேண்டும். நிறுவனத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமில் அது உங்கள் வீட்டைப் பற்றிய செய்தி. நேர்காணலில் கேட்டால் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

இன்னொரு மறுப்பு, விட்டுவிடுவது மறைப்பதாகாதா என்பது. தோல்விகளின் தன்விவரக் குறிப்பு என்று ஒன்றை எழுதலாமே என 2010இல் மெலனி ஸ்டெஃபான் நேச்சர் இதழில் யோசனை சொன்னார். 2016இல் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹவுஸ்ஹோஃபர் தமக்குக் கிடைக்காத பட்டப்படிப்புகளையும் விருதுகளையும் வரிசையாக வெளியிட்டார். நல்ல காரியம்தான். ஆனால் பிரின்ஸ்டனில் நாற்காலி கிடைத்த பிறகு அதைச் செய்ய முடிகிறது. அரியர் வைத்திருக்கும் மாணவர் செய்தால் யாரும் கைதட்டமாட்டார்கள். ஒரு காலத்தில் 'பி.ஏ. ஃபெயில்' என்று பெயர்ப் பலகையில் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்துச் சிரித்தோம். பி.ஏ. வரை படித்தவர் அரிதாக இருந்த காலத்தில் அந்தச் சொல்லும் ஒரு செய்தியைச் சொல்லத்தான் செய்தது. விண்ணப்பம் வாழ்க்கை வரலாறு அல்ல என்பதால் எல்லாவற்றையும் சொல்லும் கடமை அதற்கு இல்லை. கேட்டதை மறைத்தால் குற்றம். கேட்காத ஓட்டப்பந்தயத்தை விட்டால் குற்றமில்லை. வாங்காததை வாங்கியதாக எழுதுவது ஒன்றுக்குத்தான் மன்னிப்பு கிடையாது. உண்மைத்தன்மை சரிபார்ப்பில் அது சிக்கும்போது வேலையோடு பெயரும் போகும்.

விண்ணப்பங்களை இப்போது கணினி வடிகட்டுகிறது, சொற்கள் அதிகம் இருந்தால்தானே தப்பிக்கலாம் என்பார்கள். கணினி தேடுவது வேலைக்குரிய திறன்களின் பெயர்களை. 'இளம் சாதனையாளர்' என்ற சொல்லைத் தேடும்படி எந்த நிறுவனமும் அமைத்திருக்காது. கணினியைத் தாண்டிய பிறகு ஒரு மனிதர் படிக்கத்தான் போகிறார். அமெரிக்க அறிவியல் நிதியமைப்பான என்.எஸ்.எஃப். தன்விவரக் குறிப்பில் திட்டத்துக்கு நெருக்கமான ஆய்வுகள் ஐந்தும், வேறு முக்கியமான ஐந்தும் மட்டும் போதும் என்று உலகப் புகழ் விஞ்ஞானிகளிடமே வரம்பு வைத்தது. 200 கட்டுரை எழுதியவர் பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்விலேயே அவர் யார் என்பது தெரிந்துவிடும்.

இதுவரை மாணவர்களிடம் சொன்னேன். இனி கல்லூரி முதல்வர்களிடமும், பரிசளிப்பு விழா நடத்தும் மன்றங்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுக்கும் சான்றிதழ்களில் சின்னம் இருக்கிறது, தங்க நிற ஓரம் இருக்கிறது, மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. போட்டியில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், நடுவர் யார், எந்தத் தலைப்பில், எந்த மட்டத்தில் நடந்தது என்பது மட்டும் இல்லை. பிள்ளை உண்மையிலேயே வென்றிருந்தாலும் அதை நிறுவ அவன் கையில் எதுவும் இல்லாமல் போகிறது. வரும் கல்வியாண்டிலிருந்து இந்த நான்கு செய்திகளையும் சான்றிதழில் அச்சிடுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் பங்கேற்புச் சான்றிதழை நிறுத்திவிட்டு, அந்தச் செலவில் வென்றவருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுங்கள். மிடில்மாஸ்ட் எழுதியதுபோல, இந்த மாணவர் எதில் வல்லவர், அது எந்த வேலைக்கு உதவும் என்று நான்கு வரி எழுதினால் போதும். அதை எழுத ஒரு ஆசிரியருக்கு அரை மணி நேரம் ஆகும்.